ஓடுகிறவர்களின் கூட்டமும் ஓடுகிறவரின் வீடும்: ஸ்ட்ராவா ஒரு நிகழ்வு ஆய்வு

ஓட்டத்தையும் சைக்கிள் பயணத்தையும் பதிவு செய்து மற்றவர்களுடன் பகிர உதவும் செயலி ஸ்ட்ராவா. 2017 நவம்பரில் அதை நடத்தும் நிறுவனம் ஓர் உலக வரைபடத்தை வெளியிட்டது. அந்தச் செயலியில் மக்கள் பதிவு செய்திருந்த 100 கோடி ஓட்டங்களையும் சைக்கிள் பயணங்களையும் பிற பயிற்சிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடுகளாக வரைந்து, கறுப்புப் பின்னணியில் ஒளிரவிட்டிருந்தார்கள். மொத்தம் 3 லட்சம் கோடி ஜிபிஎஸ் புள்ளிகள். யாருடைய பெயரும் அதில் கிடையாது. ஆள் நடமாட்டம் அதிகமுள்ள பாதை பளிச்சென்று தெரியும், குறைவான பாதை மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து, 2018 ஜனவரி 27 அன்று, நேதன் ரூசர் என்ற 20 வயது ஆஸ்திரேலிய மாணவர் அந்த வரைபடத்தில் சிரியாவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ட்விட்டரில் எழுதினார். லண்டனிலோ நியூயார்க்கிலோ கோடுகள் மொய்த்துக் கிடக்கும். அங்கே ஒரு தனிக் கோட்டுக்கு அர்த்தம் இல்லை. ஆனால் ஊர்க்காரர்கள் யாரும் இந்தச் செயலியை வைத்திருக்காத பாலைவனத்தின் நடுவில் ஒரு சிறிய செவ்வகம் மட்டும் ஒளிர்ந்தால் அது என்ன? ராணுவ முகாமின் சுற்றுச்சுவரை ஒட்டி வீரர்கள் தினமும் ஓடிய தடம். ஆப்கானிஸ்தான், சிரியா, ஜிபூட்டி என்று அடுத்தடுத்து முகாம்கள் தெரியவந்தன. முகாமின் இடம் தெரிவதைவிட, அதற்குள் ஆட்கள் எந்த வழியாக நடமாடுகிறார்கள் என்று தெரிவது இன்னும் மோசம்.

உலகம் முழுக்க இது ராணுவ ரகசியம் பற்றிய செய்தியாகத்தான் போனது. நான் இதை வேறு காரணத்துக்காக எடுத்து ஆராய்கிறேன். பொழுதுபோக்குக்காகக் கூடும் ஒரு கூட்டத்தில் எவ்வளவு பழகுவது, எதைத் தனக்குள் வைத்துக்கொள்வது என்ற முடிவை உண்மையில் யார் எடுக்கிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. என் பதில்: பெரும்பாலும் அந்த முடிவை உறுப்பினர்கள் எடுப்பதில்லை, செயலியை வடிவமைத்தவர்கள் எடுத்துவிடுகிறார்கள். அதுவும், ஒன்றுக்கொன்று முரணாக இருக்கத் தேவையே இல்லாத இரண்டை முரணாக்கி வைத்துவிடுகிறார்கள்.

கூட்டம் எதற்காக?

முதலில் இந்தக் கூட்டத்தின் மதிப்பைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். "பாதுகாப்பு வேண்டுமென்றால் செயலியைத் தூக்கிப் போடு" என்று சுலபமாகச் சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஸ்ட்ராவாவை 2009-இல் தொடங்கிய மார்க் கெய்னியும் மைக்கேல் ஹார்வத்தும் ஹார்வர்டில் படகு வலிக்கும் அணியில் ஒன்றாக இருந்தவர்கள். கல்லூரி முடிந்த பிறகு அவர்களுக்குக் குறைந்துபோனது அந்த அணித் தோழமை. ஆளுக்கொரு ஊரில் தனியாகப் பயிற்சி செய்தாலும் கூட ஒரு கூட்டம் இருப்பதுபோல உணரவேண்டும் என்பதிலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது. அது வேலையும் செய்தது. விடிவதற்கு முன் எழுந்து ஓடுகிறவருக்கு வீட்டில் யாரும் கைதட்டப் போவதில்லை. ஓட்டத்தைப் பதிவேற்றியதும் எங்கோ இருக்கும் ஒருவர் 'கூடோஸ்' என்ற பாராட்டுக் குறியைத் தட்டுகிறார். "நேற்றைவிட நல்ல வேகம்" என்று இன்னொருவர் எழுதுகிறார். மறுநாளும் எழுந்து ஓட இது போதுமான காரணம்.

அப்புறம் செக்மெண்ட். ஒரு மேட்டுச் சாலையையோ பாலத்தையோ குறிப்பிட்ட தூரத்துக்கு யாராவது குறித்து வைப்பார்கள். அதன்பின் அந்தத் துண்டைக் கடக்கும் ஒவ்வொருவரின் நேரமும் தானாகப் பட்டியலில் சேரும். ஒரே சாலையில் வெவ்வேறு நாட்களில், ஒருவரையொருவர் பார்க்காமலே போட்டி போடலாம். சென்னையில் ஈசிஆரில் விடியற்காலை சைக்கிள் ஓட்டுபவர்களிடமும் மெரினாவில் ஓடுபவர்களிடமும் கேட்டால் இதன் ருசி தெரியும். குழந்தை பிறந்த பிறகு மறுபடி ஓடத் தொடங்கிய பெண்கள், அறுவை சிகிச்சைக்குப் பின் மெல்ல நடக்க ஆரம்பித்த பெரியவர்கள், புது ஊருக்கு வேலைக்கு வந்து யாரையும் தெரியாமல் இருப்பவர்கள் என்று பலருக்கு இந்தக் கூட்டம்தான் வெளியுலகத்தோடு இருக்கும் தொடர்பு. அதை இழக்கச் சொல்வது சின்ன விஷயம் இல்லை.

ஒரு பதிவுக்குள் இருப்பவை

ஓர் ஓட்டத்தின் பதிவில் தூரமும் வேகமும்தான் இருப்பதாக நமக்குத் தோன்றும். கூடவே தொடங்கிய இடம், தொடங்கிய நேரம், போன வழி, நின்று மூச்சு வாங்கிய இடம், இதயத் துடிப்பு, உடன் ஓடியவர்கள், சைக்கிளின் மாடல் எல்லாம் இருக்கலாம். ஒரு பதிவைத் தனியாகப் பார்த்தால் இதில் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. 60 பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் வேறு படம் கிடைக்கிறது. எல்லாக் கோடுகளும் தொடங்கும் ஒரே வாசல் வீடு. செவ்வாய், வியாழன் காலை 5.15-க்குக் கிளம்புகிறார். ஞாயிறு நீண்ட ஓட்டம், அதனால் இரண்டு மணி நேரம் வீட்டில் இருக்க மாட்டார். மே மாதத்தில் 10 நாள் கோடுகள் வேறு ஊரில் இருக்கின்றன, அப்படியென்றால் வீடு பூட்டியிருந்தது. உறுப்பினர் இதில் எதையும் யாரிடமும் சொல்லவில்லை. அவர் சொன்னதெல்லாம் "இன்று 8 கி.மீ." என்பது மட்டும்தான்.

பெண்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்

அந்த உலக வரைபடம் வெளியாவதற்கு முன்பே, 2017 ஆகஸ்ட்டில், குவார்ட்ஸ் இதழில் ஒரு பெண் பத்திரிகையாளர் தன் அனுபவத்தை எழுதினார். செட்டிங்ஸில் கூடுதல் அந்தரங்கம் தரும் வசதியை அவர் போட்டுத்தான் வைத்திருந்தார். இருந்தும் முன்பின் தெரியாத ஆண்களுக்கு அவருடைய ஓட்டங்கள் தெரிந்தன. அந்த ஒரு வசதி செக்மெண்ட் பட்டியலையும் மற்ற சில அம்சங்களையும் தொடவில்லை. அவற்றைத் தனித்தனியாகத் தேடிப்போய் அணைக்க வேண்டியிருந்தது. ஒரு பூட்டைப் போட்டால் வீடு பூட்டியாயிற்று என்று நினைப்பவருக்கு, இன்னும் மூன்று கதவுகள் இருப்பதை யாரும் சொல்லவில்லை.

இன்னொரு அம்சம் ஃப்ளைபை. ஒரே நேரத்தில் ஒரே பாதையில் போன மற்றவர்கள் யார் என்பதை அது காட்டும். "எதிரே வந்து என்னை அவ்வளவு வேகமாகக் கடந்த அந்த சைக்கிள்காரர் யார்?" என்ற ஆர்வத்துக்காகச் செய்யப்பட்டது, சமூகம் வளர்க்கும் நோக்கத்தில் நல்ல யோசனைதான். 2020 செப்டம்பரில் பிரிட்டனில் ஓர் ஓட்டக்காரர் வழியில் ஒரு பெண்ணைக் கடந்து போனார். வீட்டுக்கு வந்து தன் ஓட்டத்தைப் பார்த்தபோது, செயலி தானாகவே அந்தப் பெண்ணைக் காட்டியது. அதைத் தட்டினால் அவருடைய படம், முழுப் பெயர், ஓடிய பாதை எல்லாம் வந்தன. பாதையைப் பார்த்தாலே அவர் எங்கே குடியிருக்கிறார் என்று ஊகிக்க முடிந்தது. அந்த ஓட்டக்காரர் பதறிப்போய் இதை ட்விட்டரில் எழுத, அது பெரிதாகப் பரவியது. விரைவிலேயே ஸ்ட்ராவா ஃப்ளைபை வசதியை, தானே விரும்பித் திறந்தாலொழிய யாருக்கும் தெரியாதபடி மாற்றியது.

இந்த மாற்றத்தை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். வசதி அழியவில்லை. விரும்புகிறவர்கள் திறந்துகொள்ளலாம். மாறியது ஒன்றே ஒன்று: பேசாமல் இருப்பவரின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது நின்றது. நான்கைந்து ஆண்டுகள் முன்பே இதைச் செய்திருந்தால் கூட்டத்துக்கு எந்த நஷ்டமும் வந்திருக்காது.

நம் ஊர்ப் பெண்களுக்கு இது இன்னும் கூர்மையான விஷயம். இருட்டு பிரியாத நேரத்தில் தெருவில் ஓடுவதற்கே வீட்டில் அனுமதி வாங்கி வருபவர்கள் பலர். எந்தத் தெரு, எந்த நேரம் என்பது ஒரு அந்நியர் கையில் கிடைத்தால், அவர்கள் செயலியை மட்டும் விடுவதில்லை, ஓட்டத்தையே விட்டுவிடுகிறார்கள்.

மறைப்பு வட்டம்

வீட்டை மறைக்க ஸ்ட்ராவா முன்பே ஒரு வழி வைத்திருந்தது. முகவரியைக் கொடுத்தால் அதைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் வரும் கோட்டுப் பகுதி மற்றவர்களுக்குத் தெரியாது. கேட்கும்போது போதுமானதாகத் தோன்றும். போதவில்லை என்று நிரூபித்தவர்கள் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள். 2018-இல் யூஸ்நிக்ஸ் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் வெளியான அவர்களுடைய ஆய்வு, ஒரு மாத காலத்தில் வெளிப்படையாகப் போடப்பட்ட 2 கோடியே 10 லட்சம் பதிவுகளை எடுத்துக்கொண்டது. மறைப்பு வட்டத்தைப் பயன்படுத்தியவர்கள் 16.5 சதவீதம்தான். அவர்களிலும், ஓரளவு தவறாமல் பயிற்சி செய்பவர்களில் 95.1 சதவீதத்தினரின் மறைத்த இடத்தைக் கண்டுபிடித்துவிட முடியும் என்று முடிவு வந்தது.

காரணம் பள்ளிக்கூட ஜியோமிதிதான். வட்டத்தின் மையத்தில் வீடு இருக்கிறது. ஒவ்வொரு நாளும் வெவ்வேறு திசையில் ஓடினால், வட்டத்தின் ஓரத்தில் வெவ்வேறு புள்ளிகளில் கோடு திடீரென்று தொடங்கும். வட்டத்தின் மேல் மூன்று புள்ளிகள் தெரிந்தால் மையத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அடிக்கடி ஓடுகிறவருக்கு, கூட்டத்தில் உற்சாகமாக இருப்பவருக்கு, ஆபத்தும் அதிகம். ஆய்வாளர்கள் முன்கூட்டியே நிறுவனங்களுக்குத் தகவல் கொடுத்தார்கள். மையத்தைச் சற்றே நகர்த்தி வைப்பது போன்ற திருத்தங்கள் வந்தன.

2022-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தத் திருத்தங்களையும் தாண்டினார்கள். அவர்கள் பிடித்த துப்பு எளிமையானது. உதாரணமாக, ஒரு பதிவில் மொத்தத் தூரம் 10 கி.மீ. என்று இருக்கிறது. வரைபடத்தில் தெரியும் கோட்டை அளந்தால் 9.2 கி.மீ. தான் வருகிறது. அப்படியென்றால் மீதி 800 மீட்டரை அவர் வட்டத்துக்குள் ஓடியிருக்கிறார். அந்தப் பகுதியின் தெரு வரைபடத்தை எடுத்து, கோடு மறைந்த இடத்திலிருந்து தெருக்கள் வழியாக எத்தனை தூரம் உள்ளே போக முடியும் என்று பல நாள் பதிவுகளை வைத்துப் பொருத்தினால், கணக்குக்குள் அடங்கும் வாசல்கள் ஒன்றிரண்டுதான் மிஞ்சும். ஏறத்தாழ 14 லட்சம் பதிவுகளில் இதைச் சோதித்தார்கள். சில நிலைமைகளில் 85 சதவீதம் வரை வெற்றி கிடைத்தது.

வரைபடத்தை மறைத்தவர்கள் தூரத்தை மறைக்க மறந்தார்கள் என்று இதைச் சுருக்கிவிட முடியாது. தூரம் என்பது கூட்டத்தில் பெருமைக்குரிய எண். 10 கி.மீ. ஓடியவர் 10 என்றுதான் காட்ட விரும்புவார், 9.2 என்று குறைத்துக் காட்டினால் அவருக்கு வருத்தம். பழகுவதற்காகப் பகிர்ந்த எண்ணே வாசலுக்கு வழி சொல்லிவிட்டது. இந்த ஒரு இடத்தில் இரண்டுக்கும் உண்மையாகவே இழுபறி இருக்கிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கும் ஓரளவு வழி உண்டு: 2021-இல் வரைபடம் முழுவதையும் மறைக்கும் வசதியை ஸ்ட்ராவா கொண்டுவந்தது. தூரம், நேரம், படம், எழுதிய குறிப்பு எல்லாம் நண்பர்களுக்குத் தெரியும். பாதை மட்டும் தெரியாது. பாதையே இல்லாத இடத்தில், கழித்துப் பார்க்கவும் எதுவும் இல்லை.

வரைபடத்துக்குப் பின்

2018 விவகாரத்துக்குத் திரும்புவோம். அந்த வரைபடத்தில் தன் தரவு சேராமல் தடுக்கும் வசதி செட்டிங்ஸில் இருந்தது. இருந்தும் வீரர்களின் தடங்கள் அதில் வந்தன. அப்படி ஒரு வரைபடம் வரப்போகிறது என்றே பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்திருக்காது. மார்ச் மாதத்தில் நிறுவனம் முறையை மாற்றியது: ஒரு பாதையில் பலர் போயிருந்தால்தான் அது தெரியும், வரைபடம் மாதந்தோறும் புதுப்பிக்கப்படும், ஒருவர் பின்னால் தன் பதிவைப் பூட்டினால் அடுத்த புதுப்பித்தலில் அது நீங்கும். ஆகஸ்ட்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, செயல்பாட்டுப் பகுதிகளில் இருக்கும் வீரர்கள் இருப்பிடம் காட்டும் வசதிகளைப் பயன்படுத்தத் தடை போட்டது. 2013-இல் உடற்பயிற்சியை ஊக்குவிக்க ஃபிட்பிட் என்ற, உடல் அசைவை அளக்கும் கருவிகள் 2,500-ஐ வீரர்களுக்குக் கொடுத்ததும் அதே துறைதான்.

இடையில் ஜூலையில் இன்னொன்று. ஃபின்லாந்தின் போலார் நிறுவனத்தின் உடற்பயிற்சிச் செயலியை பெல்லிங்கேட் என்ற புலனாய்வு அமைப்பும் டச்சு இதழான தெ கொரஸ்பாண்டெண்ட்டும் ஆராய்ந்தபோது, ராணுவ, உளவுத்துறை இடங்களுக்கு அருகே பயிற்சி செய்த 6,460 பேரை அடையாளம் காண முடிந்தது. முகாமில் ஓடியவர் விடுமுறையில் சொந்த வீட்டு வாசலிலிருந்தும் ஓடியிருப்பார். இரண்டும் ஒரே வரைபடத்தில் இருந்தன. போலார் அந்த வரைபட வசதியை நிறுத்தி வைத்தது.

அதோடு முடியவில்லை. 2023 ஜூலையில் ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் முன்னாள் தளபதி ஸ்தானிஸ்லாவ் ர்ஷித்ஸ்கி க்ராஸ்னோதர் நகரில் காலை ஓட்டத்தின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஸ்ட்ராவாவில் வெளிப்படையாகப் போட்டுவந்த ஓட்டங்களை வைத்துக் கொலையாளி பின்தொடர்ந்திருக்கலாம் என்று ரஷ்ய ஊடகங்கள் எழுதின. 2024-இல் லெ மொந்த் நாளிதழ், பிரான்ஸ், அமெரிக்கா, ரஷ்யா ஆகிய நாடுகளின் தலைவர்களுக்குக் காவலாக இருப்பவர்களின் ஓட்டப் பதிவுகளிலிருந்தே தலைவர்கள் தங்கும் இடங்களை அறிய முடிந்ததைக் காட்டியது. 2025-இல் ஸ்வீடன் பிரதமரின் மெய்க்காவலர்கள் ஏழு பேரின் 1,400-க்கும் மேற்பட்ட பதிவுகளை அங்குள்ள டாகென்ஸ் நிஹெட்டர் நாளிதழ் கண்டெடுத்தது.

இந்தக் கடைசி இரண்டில் பிரதமரோ அதிபரோ எதையும் பகிரவில்லை. கூட இருந்தவர்கள் பகிர்ந்தார்கள். பொழுதுபோக்குக் கூட்டங்களுக்கு இதுதான் நேராகப் பொருந்தும் பகுதி. ஸ்ட்ராவாவில் சேர்ந்து ஓடியவர்களின் பதிவுகளைச் செயலி தானாக இணைத்து "இன்னாருடன் ஓடினார்" என்று காட்டும். நான் என் கணக்கை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும், என்னுடன் ஓடிய நண்பர் குழுப் படத்தைப் போட்டு என் பெயரையும் சேர்த்தால், நான் எங்கே இருந்தேன் என்பது வெளியே போய்விடும். அவர் அன்போடுதான் செய்கிறார். அவரிடம் யாரும் கேட்டதில்லை, அவரும் யாரிடமும் கேட்டதில்லை.

குழுவுக்குள் என்ன செய்யலாம்

ஓட்டக் குழு நடத்துபவர்கள் இதைச் செட்டிங்ஸ் சொல்லிக்கொடுக்கும் வேலையாக மட்டும் பார்க்கக் கூடாது. புதிதாக ஒருவர் சேரும்போது, "உங்கள் படத்தைப் போடலாமா, பெயரைச் சேர்க்கலாமா?" என்று கேட்டு அதைக் குழுவின் வழக்கமாக்கலாம். வேண்டாம் என்பவரிடம் காரணம் கேட்கக் கூடாது. கேட்டால், அடுத்த முறை மனசில் இருப்பதைச் சொல்ல மாட்டார். குழு ஓட்டத்தைப் பூங்கா வாசலிலோ கடற்கரையிலோ தொடங்கி அங்கேயே முடித்தால், எல்லோருடைய கோடும் பொது இடத்தில் தொடங்கிப் பொது இடத்தில் நிற்கும். வீட்டிலிருந்து அங்கே வரும் தூரத்துக்குக் கடிகாரத்தை அழுத்தாமல் விடலாம். பதிவை உடனே போடாமல் மாலையில் போட்டால் கூடோஸ் குறையப்போவதில்லை.

இருப்பிடத்தைப் பகிர்வதே தப்பு என்ற முடிவுக்கும் வர வேண்டாம். ஸ்ட்ராவாவிலேயே பீக்கன் என்று ஒரு வசதி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது நாம் எங்கே இருக்கிறோம் என்பதை நம்பிக்கையான மூன்று பேர் வரை நேரடியாகப் பார்க்கலாம். தனியாக ஓடும் பெண்ணுக்கு அது பெரிய துணை. அதே இருப்பிடத் தகவல் மூன்று பேரிடம் இருந்தால் பாதுகாப்பு, உலகத்திடம் இருந்தால் ஆபத்து. யாரிடம் என்பதை அவரே தேர்ந்தெடுத்தார் என்பதுதான் வித்தியாசம்.

மிச்சமிருப்பது செக்மெண்ட். இன்றைக்கும் பட்டியலில் இடம் வேண்டுமென்றால் பதிவை எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும். நண்பர்களுக்கு மட்டும் என்று வைத்தால் போட்டியிலிருந்து வெளியே. தன் பேட்டையிலேயே வேகமாக ஓடும் ஒரு பெண் அந்தப் பெருமையை அடைய, தான் வந்த வழி, போன வழியில் பெரும்பகுதியை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பொறியியல் ரீதியாக இதற்கு எந்தக் கட்டாயமும் இல்லை. பட்டியலுக்குத் தேவை அந்தத் துண்டின் இரு முனைகளுக்கு நடுவே எடுத்த நேரம். 10 கி.மீ. ஓட்டத்தில் செக்மெண்ட் 2 கி.மீ. என்றால், அந்த 2 கி.மீ. மட்டும் பட்டியலுக்குப் போகட்டும். மீதி 8 கி.மீ. அவருடையது, அதைக் கேட்பதை நிறுவனம் நிறுத்த வேண்டும்.